பாதையும் பாலமும்

கிழக்கிலங்கையின் பேச்சு வழக்கிலே ‘பாதை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. மக்கள் நடந்தும் வாகனங்களில் ஏறியும் செல்லும் தெரு ஒன்று; ஆற்றையும் களப்பையும் கடப்பதற்காக ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை மற்றொன்று. நிலத்தில் உள்ளதும் நீரில் மிதப்பதும் ஒரே பெயரைப் பெற்றமை வியப்பன்று. தெரு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று திட்டமாகக் கூறவியலாத நிலப்பரப்பிலே வாழ்ந்த மக்கள், மறுகரை சேர்ப்பது எதுவோ அதனையே பாதை என்றனர்.

மூதூர் அத்தகையதொரு நிலமாகும். வடக்கே கொட்டியாரக் குடா. மேற்கே மகாவலி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம். தெற்கே அதன் கிளையாகிய வெருகலாறு. மத்திய மலைநாட்டிலே தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் இலங்கையின் மிக நீண்ட ஆறு, தன் பயணத்தை முடித்துக்கொள்வது இவ்வூரின் அயலிலேயே. ஆகவே, மலைநாட்டில் பெய்யும் மழையும் ஈற்றில் மூதூரின் கணக்கிலேயே சேர்கிறது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஒலுவிலிலும் பயிலும் மூதூர் மாணவன் மார்கழி விடுமுறைக்கு வீடு திரும்பும் காலமோ, வடகீழ்ப் பருவக்காற்று வலுக்கின்ற காலம். குளிர்நாடுகளிலே இவ்விடுமுறையில் பயணம் செய்வோர் பனியையும் வழுக்கும் தெருவையும் அஞ்சுவர். மூதூர் மாணவன் அஞ்ச வேண்டியது மாரியை. ஆயினும், மாரி மட்டுந்தானா என்பது ஆராயத்தக்கது.

பழைய பயணத்தை முதலிலே நோக்குதல் நன்று. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோரப் பெருந்தெருவிலே கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி எனத் துறைக்குத் துறை இறங்கி, பாதையில் ஏறிக் கடந்தே மூதூரை அடைதல் வேண்டும். இத்துன்பத்தை விரும்பாதோர் குடாவின் குறுக்கே லாஞ்சிலே வருவர். காற்று எழுந்தால் லாஞ்சு புறப்படாது. ஆறு பெருகினால் பாதை இழுக்கப்படாது. இத்தனை பேர்தாம் ஏறலாம், இத்தனை வாகனங்கள்தாம் நிற்கலாம் என்றொரு கணக்கு இருந்தது. அக்கணக்கை நூலிலே படித்தவர் சிலரே. நீர் அதனை எல்லோருக்கும் கற்பித்திருந்தது. மணமகன் ஊர்வலமாயினும், பரீட்சை எழுதப் போகும் மாணவனாயினும், துறையிலே நின்று முறை வரும்வரை காத்திருந்தான். அக்காத்திருப்பு விரும்பி ஏற்றதன்று, வேறு வழியின்மையாற் பழகியது.

காத்திருந்து உயிர் பிழைக்கும் இவ்வறிவு குடாவுக்கு வந்த அந்நியருக்கும் தேவைப்பட்டது. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, பின்னர் அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை நாடி வந்தது. அக்கப்பலில் வந்த றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்தமை வேறு கதை. ஈண்டு நோக்கற்பாலது, மாரிக் கடலிலே உடைந்த கலத்தோடு மேலும் ஓடத் துணியாத அம்மாலுமிகளின் நிதானமேயாகும்.

நிலைமை மாறியது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே கிண்ணியாப் பாலம் திறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் 396 மீற்றர். தொடர்ந்து 2011ஆம் ஆண்டளவிலே ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. மூதூர் மக்களுக்கு இவை வெறும் கொங்கிறீற்றுக் கட்டடங்கள் அல்ல. பிரசவ வேதனையுற்ற பெண் நள்ளிரவிலே துறையில் காத்துக் கிடக்க வேண்டிய அவலத்தை நீக்கிய வரப்பிரசாதங்கள் அவை. அவற்றைக் குறைகூறுதல் நன்றிகேடாகும். ஆனால், பாலங்கள் நீரின் இடரை நீக்கியபோது, நீர் கற்பித்த நிதானத்தையும் உடன்கொண்டு சென்றன என்பதை மறுத்தற்கில்லை.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் சைக்கிள் கிண்ணியாப் பாலத்தை ஏறத்தாழ 28 விநாடிகளிற் கடக்கும். வேகத்தை 70 ஆக உயர்த்தினால் 20 விநாடிகள் போதும். இலாபம் எட்டு விநாடிகள். பாட்டனார் பாதையை எதிர்நோக்கி நாழிகைக் கணக்கிலே நின்ற அதே நீரின்மேல், பேரன் எட்டு விநாடிகளுக்காக உயிரைப் பணயம் வைக்கின்றான். நட்டமோ அவ்வளவு சிறியதன்று. வேகம் 50இலிருந்து 70க்கு ஏறும்போது, மோதலிலே வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீற்றரிற் செல்பவன் இடரைக் கண்டு தடையை அழுத்துமுன்னரே, ஒரு விநாடியில் 14 மீற்றர் கடந்துவிடுகிறான். மழையில் நனைந்த தெருவிலே, தடையை அழுத்திய பின்னரும் வண்டி வழக்கத்திலும் நெடுந்தூரம் ஓடியே நிற்கும்.

மாரிகாலத்து மூதூர்த் தெருவில் அவ்விடர்கள் பலவாகும். பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் மாடுகள் வயலிலிருந்து அகற்றப்படுகின்றன. எங்கும் ஈரமாயிருக்கையில், இரவிலே உலர்ந்த மேடு தேடும் அவற்றுக்குத் தார்த்தெருவே படுக்கையாகிறது. கறுத்த எருமையொன்று கறுத்த தெருவிலே மழையிருளிற் படுத்திருக்கும்போது, அதன் கண்ணில் விளக்கொளி பட்டுத் திரும்பும் கணமே ஓட்டுநனுக்குக் கிடைக்கும் முதலறிவிப்பாகும். கந்தளாய், ஹபறணை வழியாக வருவோருக்கு யானையும் உண்டு. தெருவை மூடிய வெள்ளம் இவை எல்லாவற்றிலும் வஞ்சகமானது. ஓடும் நீர் ஓரடி உயரமிருப்பினும் சிறு மோட்டார் வண்டியை மிதக்கச் செய்யவல்லது. இரண்டடியாயின் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். நீரின் கீழே தெரு இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பதை மேலிருந்து எவரும் காணவியலாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளியால் மகாவலி பெருக்கெடுத்து மூதூர்ப் பகுதியை மூழ்கடித்தபோது, பாலங்கள் உள்ள ஊரும் ஒரே இரவிலே மீண்டும் தீவாகக்கூடும் என்பது தெளிவாயிற்று.

இயற்கையின் இடர்கள் இவை. மனிதனே ஆக்கிக்கொள்ளும் இடர்களைத் தடுக்கவே சட்டம் உள்ளது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழமைந்த விதிகளும் கேட்பவை அரியன அல்ல. செலுத்துபவரும் பின்னிருப்பவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். மக்கள் செறிந்த இடங்களிலே மோட்டார் சைக்கிளும் காரும் மணிக்கு 50 கிலோமீற்றரையும், ஏனைய இடங்களிலே 70ஐயும் மீறலாகாது. முச்சக்கர வண்டிக்கு எல்லை 40. சாரதி அனுமதிப்பத்திரமும், வண்டிக்குரிய வருமான அனுமதிப்பத்திரமும், காப்புறுதியும் இருத்தல் வேண்டும். மது அருந்திச் செலுத்தலாகாது. இவற்றுள் எதுவும் பல்கலைக்கழக மாணவனுக்கு விளங்காததன்று. விளங்கியும் ஒழுகாமையே ஆராய்வுக்குரியது.

விடுமுறைக்கு வந்த இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்குச் சொந்தமாக வண்டி இல்லை. மச்சானின் மோட்டார் சைக்கிளை எடுக்கின்றான். அனுமதிப்பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. ‘சந்திவரைதானே’ என்பது அவன் நியாயம். ‘பைய போங்க மகன்’ என்று உம்மா வாசலிலே நின்று சொல்கின்றாள். அவன் தலையசைக்கின்றான். அத்தலையில் கவசம் இல்லை. அது கைப்பிடியிலே தொங்குகிறது. பொலிசார் நிற்கும் இடத்துக்கு நூறு யார் முன்னே அது தலைக்கு ஏறும். நூறு யார் தாண்டியதும் மீண்டும் கைப்பிடிக்கு இறங்கும். எதிரே வருபவர் முன்விளக்கை மின்னவைத்துப் ‘பொலிசார் நிற்கின்றனர்’ என்று முன்னரே குறிப்புணர்த்துவதும் உண்டு. முன்பின் அறியாதவனுக்கும் உதவும் அப்பண்பு பாராட்டத்தக்கதே; ஆனால், அது காப்பாற்றுவது அவனுடைய தண்டப் பணத்தை மட்டுமே, தலையை அன்று.

தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதமும், தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கின்றதெனப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தோர் கண்டனர். இலங்கையிலே அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தெருவிபத்துகளில் மாள்கின்றனர். அவருள் மோட்டார் சைக்கிளிற் செல்வோரே மிகப் பெரும் பகுதியினர். உலகளவிலே ஐந்து வயதுக்கும் இருபத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டோரின் மரணத்துக்குத் தலையாய காரணம் தெருவிபத்தே என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும் ஏற்பாடு இன்று மூதூருக்கும் உண்டு. எனினும், தலையில் கடுங்காயமுற்றவனைச் சிறப்பு வைத்தியரிடம் சேர்க்க, அதே மழையில், அதே தெருவால், அதே பாலங்களைக் கடந்தே செல்ல வேண்டும்.

மச்சானின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். அனுமதிப்பத்திரம் அற்றவனுக்கு வண்டியைக் கொடுத்தவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே. விபத்து நேர்ந்தாற் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கும். அடிபட்டவர் வயலிலிருந்து திரும்பும் கூலியாளாயின், அவர் குடும்பத்தின் துயருக்கு ஈடுசெய்வார் யார்? சட்டத்தை மீறுபவன் தன் உயிரோடு மட்டும் விளையாடுவதாகக் கருதுவது பெரும் பிழை.

இவ்வளவும் பயணியின் கடமை. ஆயின், பழியை அவன்மீது மட்டும் சுமத்தி அமைதல் நீதியாகாது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலை, மூதூரின் அயலூரான கிண்ணியாவிலே குறிஞ்சாக்கேணி நீர்ப்பரப்பிற் சென்ற மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பழைய பாலம் பயன்பாட்டிலிருந்து நீங்கி, புதிய பாலத்தின் வேலை நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அன்றே ஆறு பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்கள். அச்சிறுவர் எந்த வேகத்தையும் மீறவில்லை. எந்த விதியையும் முறிக்கவில்லை. ஏறு என்று காட்டப்பட்ட பாதையில் ஏறினர். பாலங்களின் காலம் வந்துவிட்டது என்று நாடு எண்ணியிருந்த வேளையிலே, துறையின் பழைய கணக்கைக் காக்க வேண்டியவர் காக்கவில்லை. எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி உண்டா, கலம் பரிசோதிக்கப்பட்டதா என்னும் வினாக்கள் சடலங்கள் கரையேறிய பின்னரே எழுந்தன.

ஆகவே சட்டம் என்பது இரு கரைகளுக்கிடையே இழுக்கப்பட்ட வடம் போன்றது. ஒரு முனையைப் பயணி பற்ற வேண்டும். மறு முனையை ஆள்வோர் பற்ற வேண்டும். தெருவிலே மாடு படுக்காதிருக்க உரிமையாளரும் உள்ளூராட்சி மன்றமும், இருளை நீக்க விளக்கும், வெள்ளம் மூடிய தெருவை உரிய வேளையில் அடைக்க அதிகாரியும் வேண்டும். இவை இல்லாதவிடத்துப் பயணியிடம் தண்டம் மட்டும் அறவிடுவது சட்டத்தின் மதிப்பைக் குறைக்கும். அதே வேளை, ஆள்வோர் தவறினர் என்பது பயணி தன் முனையைக் கைவிடுவதற்கு நியாயமாகாது. கவசம் அணிவதற்கு அமைச்சரின் கையொப்பம் தேவையில்லை.

மார்கழி விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன் இங்ஙனம் செய்வது தகும்: மழைநாளில் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுதல், தன் பெயரில் அனுமதிப்பத்திரம் இல்லாதவிடத்துப் பேருந்தில் ஏறுதல், நித்திரை வரும் இரவிலே வண்டி செலுத்தாதிருத்தல், நீர் மூடிய தெருவைக் கண்டால் நின்றுவிடுதல். ‘கோழை’ என்று நண்பர் நகைப்பர். பெருகிய கங்கையைக் கண்டு பாதையை இழுக்க மறுத்த துறைத் தொழிலாளியை எவரும் கோழை என்று கூறவில்லை. அவன் சொல்லுக்கு அடங்கிப் பெரிய மனிதரும் கரையிலே குந்தியிருந்தனர். இன்று அவ்விடத்திலே பாலம் நிற்கிறது. நிறுத்திவைக்கத் தொழிலாளி இல்லை. நிற்க வேண்டிய இடத்தைப் பயணி தானே அறிந்து நிற்றல் வேண்டும்.