ஒரு மாணவனோடு கழிந்த புதன்கிழமை

கிறிஸ்துவில் அன்பிற்குரிய இறைமக்களே,

இம்மாதம் இரண்டாம் ஞாயிறன்று நான் ஆற்றிய மறையுரையை உங்களிற் பலர் இதற்குள் மறந்திருப்பீர்கள். மறவாதோரும் உளர், முதலில் அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன். "நம் இளையோரின் கையிற் கைபேசி இருக்கிறது, செபமாலை இல்லை. பஸ்ஸிலும் அதுவே துணை, படுக்கையிலும் அதுவே துணை. ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஆண்டவருக்குக் கொடுக்க மட்டும் நேரமில்லையாம்" என்று நான் உரத்துச் சொன்னபோது, முன்வரிசைப் பெற்றோர் தலையசைத்தார்கள். தலையசைப்பைக் கண்ட குருவானவனுக்கு உற்சாகம் பிறப்பது இயல்பு. இன்னும் ஐந்து நிமிடம் பேசினேன்.

திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் திருப்பண்ட அறைக்கு வந்தார். "சுவாமி, என்ரை மகனைப் பற்றித்தானே சொன்னீங்கள்?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை அந்த மகனே தொலைபேசியில் அழைத்தான். "பாதர், எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஒரு நாளைக்கு என்னோட வந்து பாருங்கோவன்" என்றான். அக்குரலில் அறைகூவல் இல்லை; அழைப்பே இருந்தது. மறுக்க வழியின்றி, புதன்கிழமைக் காலைத் திருப்பலியை உதவிப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன். அவனுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரைத் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறான். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியல் கற்கும் மூன்றாம் ஆண்டு மாணவன் என்பது மட்டும் உங்களுக்குப் போதும்.

காலை 6.20க்கு ஸ்காபரோவில் பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். நவம்பர் இருட்டு, காற்று காதை அறுத்தது. பஸ்ஸில் இடம் கிடைத்ததும் தம்பி கைபேசியை எடுத்தான். "பார், நான் சொன்னது சரிதானே" என்று உள்ளுக்குள் ஒரு குரல் மகிழ்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். எட்டிப் பார்த்தேன். திரையில் ஓர் அமினோ அமிலத்தின் கட்டமைப்பு. விரலால் தட்டினால் பெயர் வருகிறது, அடுத்தது வருகிறது. நம் உடலின் புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களையும் அவற்றின் பக்கச் சங்கிலிகளையும் மனனம் செய்துகொண்டிருந்தான். வார்டன் நிலையத்தில் சப்வேக்கு மாறி, சென்ற் ஜோர்ஜ் நிலையத்தில் இறங்கும்வரை அதுவே நடந்தது. பக்கத்தில் நான் என் திருப்புகழ்மாலையைச் செபித்துக்கொண்டிருந்தேன். எதில் என்று கேட்கிறீர்களா? என் கைபேசியில்தான். எதிரே அமர்ந்திருந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ!

வளாகத்துக்குள் நுழைந்ததும், வட்டக் கூரையோடு நிற்கும் கொன்வொகேஷன் மண்டபத்தைக் காட்டினான். ஏறத்தாழ 1,700 இருக்கைகள். முதலாம் ஆண்டில் அங்குதான் உயிரியல் விரிவுரை கேட்டானாம். நம் ஆலயத்தில் உயிர்ப்புப் பெருவிழாவுக்குக்கூட அத்தனை பேர் வருவதில்லை. "அதுக்குள்ளை இருக்கேக்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது பாதர்" என்றான். நம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியருக்கு மாணவனின் பெயர் மட்டுமா தெரியும்? அவன் பாட்டன் பெயரும் தெரியும்.

9 மணி விரிவுரைக்குப் பேராசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தான். சேதன இரசாயனம். இடக்கையும் வலக்கையும் போல ஒன்றன் கண்ணாடி விம்பமாக மற்றொன்று இருக்கும் மூலக்கூறுகள் பற்றிய பாடம். வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்தாது. அதுபோலவே உடலும் ஒரு கையை ஏற்கும், மறு கையைத் தள்ளும். ஒரே மூலக்கூற்றின் ஒரு விம்பம் புதினாவாக மணக்கும், மற்றது சீமைச் சீரகமாக மணக்கும் என்றார் பேராசிரியர். 1848இல் லூயி பாஸ்ரர் என்ற இளைஞர் உருப்பெருக்கியின் கீழ் உப்புப் பளிங்குகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்து இந்த உண்மையைக் கண்டாராம். குருமடத்தில் எங்களுக்கு மெய்யியல் கற்பித்த அடிகளார் இதையும் கற்பித்திருந்தால், நான் இன்னும் சற்று விழித்திருந்திருப்பேன். 11 மணிக்குப் புள்ளிவிபரவியல். அதில் உறங்கிவிட்டேன். தம்பி என்னை எழுப்பவில்லை.

மதிய உணவு நுண்ணலை அடுப்பின் முன் வரிசையில் நின்றபடி. தாயார் கட்டிக்கொடுத்த புட்டும் முட்டைப் பொரியலும். எனக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது. அந்தத் தாய் இரவு வேலை முடித்து அதிகாலை 5 மணிக்கு வீடு வந்து, படுக்குமுன் சமைத்த உணவு. என் மறையுரையைக் கேட்டு அழுதவரும் அவரே. அந்தப் புட்டு எளிதில் விழுங்கக்கூடியதாக இருக்கவில்லை.

1 மணிக்கு ஆய்வுகூடம். பாதுகாப்பு விதிகளின்படி எனக்கு உள்ளே அனுமதியில்லை. கதவுக் கண்ணாடியூடாக, வெள்ளை மேலங்கியும் கண்ணாடியும் கையுறையும் அணிந்து அவன் குனிவதைப் பார்த்தேன். பீடத்தின் முன் நாம் உடுத்துவது போன்றதோர் ஒழுங்கு. பின்பு வெளியே நடந்தேன்.

அந்த வளாகத்தில் நம்மவர் ஒவ்வொருவரும் ஒருமுறை நின்று பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. மருத்துவ அறிவியல் கட்டடம் நிற்குமிடத்தில் முன்னர் ஒரு பழைய கட்டடம் இருந்தது. 1921ஆம் ஆண்டுக் கோடையில் பிரெடெரிக் பன்ரிங் என்ற மருத்துவரும் சார்ள்ஸ் பெஸ்ற் என்ற மாணவரும் அங்குதான் இன்சுலினைத் தேடினார்கள். பெஸ்றுக்கு அப்போது வயது 22. கிட்டத்தட்ட நம் தம்பியின் வயது. 1922 ஜனவரி 11இல் லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது பயன் தரவில்லை. மருந்து தூய்மையாக இருக்கவில்லை. ஜேம்ஸ் கொலிப் என்பவர் இரவு பகலாக அதனைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23இல் மீண்டும் போட்டார்கள். சிறுவன் தேறினான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கொரு டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்தும்போது "சீனி வேண்டாம், எனக்கு வருத்தம்" என்று சொல்லாத முதியவர் நம் பங்கில் எத்தனை பேர்? அவர்களுட் பலரின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் அந்த மருந்துக்கு ஊர் இதுதான்.

5 மணியளவில் தம்பி வெளியே வந்தான். முகம் வாடியிருந்தது. என்ன நடந்தது என்பதை எனக்கு மூன்று முறை விளக்கினான். விளங்கிய அளவில் சொல்கிறேன். பிசிஆர் என்றால் உங்களுக்குத் தெரியும். கோவிட் காலத்தில் மூக்கினுள் குச்சி விட்டு எடுத்த அதே பரிசோதனை. டிஎன்ஏயின் ஒரு சிறு துண்டைச் சூடாக்கியும் ஆறவைத்தும் பிரதி எடுப்பது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். சென்ற புதன்கிழமை அதைச் செய்திருந்தான். இந்தப் புதன்கிழமை அந்தப் பிரதிகளைக் களிபோன்ற ஒரு தட்டில் இட்டு மின்சாரம் பாய்ச்சினான். டிஎன்ஏ நேர்மின் முனையை நோக்கி ஓடும். சிறியது விரைந்தோடும், பெரியது பிந்தும். ஈற்றில் ஒளிரும் கோடுகளாகத் தெரியும். இவற்றோடு ஒரு குழாயில் டிஎன்ஏ எதுவும் இடாமல் வெறுந்தண்ணீரை மட்டும் சேர்த்து அதே வேலை முழுவதையும் செய்யவேண்டும். அதில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கோ அழுக்குக் கலந்துவிட்டது. மற்றக் கோடுகளையும் நம்பமுடியாது.

தம்பியின் தண்ணீரில் கோடு விழுந்திருந்தது.

இரண்டு கிழமை உழைப்பு. உடன் வேலை செய்தவர் "படத்தில் அந்தப் பக்கத்தை வெட்டிவிடலாமே" என்றாராம். வெட்டினால் மற்றவை அழகாக இருந்தன. "வெட்டாவிட்டால் புள்ளி குறையுமா?" என்று கேட்டேன். "தெரியேல்லை பாதர். ஆனா தண்ணியிலை கோடு வந்தது உண்மைதானே" என்றான்.

அன்பர்களே, நாற்பது ஆண்டுகளாக ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கிறேன். தண்ணீரில் விழுந்த கோட்டை வெட்டிவிட்டுப் படத்தைக் காட்டுவோரே அங்கு அதிகம். நானும் அவர்களுள் ஒருவன். என் மறையுரையைப் பற்றி அப்போதுதான் எண்ணினேன். இளையோரைக் குறித்து அத்தனை உறுதியாகப் பேசினேனே, என் கணிப்புச் சரிதானா என்று பார்க்க ஒரு குழாய்த் தண்ணீரையாவது நான் வைத்திருந்தேனா? ஓர் இளைஞனிடமாவது கேட்டிருந்தேனா?

அவனைத் தேற்ற எண்ணி மெண்டல் அடிகளாரின் கதையைச் சொன்னேன். புனித அகுஸ்தீன் சபைத் துறவி. ஆசிரியர் தேர்வில் தோற்றவர். மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்து மரபியலுக்கு அடித்தளமிட்டவர். 1866இல் அவர் அச்சிட்டதை 1900வரை உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. தம்பி பொறுமையோடு கேட்டுவிட்டு, "அவருக்கு மாணவர் கடன் இருக்கேல்லைத்தானே பாதர்" என்றான். ஆண்டுக் கட்டணம் மட்டும் 6,000 டொலருக்கு மேல். சனியும் ஞாயிறும் காலை 8 மணி தொடங்கி ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். அவன் ஞாயிறு திருப்பலிக்கு வராத காரணம் அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று நான் மேலும் கேட்டிருக்கவேண்டியதில்லை. கேட்டேன். சற்று நேரம் மௌனமாக நடந்தான். "சில நாளிலை நம்பிக்கை இருக்கு பாதர். சில நாளிலை இல்லை. இல்லாத நாளிலை கோவிலுக்கு வந்து நிண்டா பொய் சொல்லுற மாதிரி இருக்கு" என்றான். பதில் சொல்லக் குருமடத்தில் கற்ற வாதங்கள் நாவின் நுனியில் வரிசையாக நின்றன. சொல்லவில்லை. எனக்கும் அப்படியான நாட்கள் உண்டு என்று மட்டும் சொன்னேன். நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மாலை 7.30 வரை நூலகத்தில் இருந்தோம். பதினான்கு மாடி றொபார்ட்ஸ் நூலகம். அவனும் நண்பர் மூவரும் ஒரு மேசையில் கணக்குகளோடு போராட, நான் அடுக்குகளிடையே நடந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த என் வயதினருக்கு எந்தப் பெருநூலகத்துக்குள் நுழைந்தாலும் 1981 நினைவுக்கு வரும். சம்பத்தரிசியார் கல்லூரியின் மாடியிலிருந்து நூலகம் எரிவதைக் கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்ட தாவீது அடிகளும் நினைவுக்கு வருவார். பன்மொழிப் புலவர், நம் குருக்களின் வரிசையில் வந்தவர். எரியாத நூல்களுக்கிடையில் நம் பிள்ளைகள் பசியோடு இருந்து படிப்பதை அவர் கண்டிருக்கவேண்டும்.

வீடு சேர இரவு 9 மணி. தாயார் வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். அம்மம்மா என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்து எழ முயன்றார். தம்பி பையை இறக்கிவைத்துக் கை கழுவினான். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த இன்சுலின் பேனாவை எடுத்துப் புது ஊசி பொருத்தி, அளவைத் திருகினான். பிற்பகலில் ஒரு நூலிழையளவு திரவத்தை நடுங்காமல் எடுத்த அதே கை. மருந்தைச் செலுத்தியபின் ஊசியை உடனே எடுக்கக்கூடாது; பத்து எண்ணவேண்டும். அம்மம்மா எண்ணுவதில்லை. கண்ணை மூடி அருள்நிறை மந்திரம் ஒன்று சொல்கிறார். அது முடியும்போது அவன் ஊசியை எடுக்கிறான். ஒவ்வோர் இரவும் அப்படித்தானாம். நம்பிக்கை இருக்கும் நாளிலும் இல்லாத நாளிலும்.

அதன்பின் ஆய்வறிக்கை. கெடு இரவு 11.59. நான் வீடு திரும்பிவிட்டேன். 11.52க்கு எனக்கொரு செய்தி வந்தது: "அனுப்பிவிட்டேன் பாதர். படத்தை வெட்டவில்லை."

அந்தத் தாயிடம் நேரிற் சென்று மன்னிப்புக் கேட்டேன். இளையோரே, உங்களிடம் இங்கே கேட்கிறேன்.

பங்குப் பேரவையோடு பேசி இரு முடிவுகள் எடுத்துள்ளோம். டிசம்பர்த் தேர்வுகள் முடியும்வரை, திங்கள் முதல் வியாழன்வரை, ஆலய மண்டபம் இரவு 11 மணிவரை படிப்போருக்காகத் திறந்திருக்கும். இணைய வசதி உண்டு. கடவுச்சொல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கும். தேநீருக்குப் பொறுப்பேற்க விரும்பும் அன்னையர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆனால் மண்டபத்துக்குள் வந்து எவரிடமும் புள்ளி எவ்வளவு என்று கேட்கவேண்டாம். இரண்டாவது, வரும் ஞாயிறு முதல் மாலை 7 மணிக்கு ஒரு திருப்பலி உண்டு. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டாது. எத்தனை பேர் வருவீர்கள் என்பது எனக்குத் தெரியாது. தம்பிக்கு வேலை 5 மணிக்கு முடிகிறதாம். வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இறை அன்பில்,
உங்கள் பங்குத்தந்தை