தனி தொடங்கினா எழும்பிப் போறவை

கொழும்பில் வாய்ப்பாட்டு அரங்கேற்றங்களுக்குப் போனால் நாங்கள் மூன்று பேரும் ஒரு விளையாட்டு விளையாடுவம். தனி ஆவர்த்தனம் தொடங்கி முடியுறதுக்குள்ள எத்தனை பேர் எழும்பி வெளியில போகினம் எண்டு எண்ணுறது. பாடுற பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு தொடையில் தாளம் போடத் தொடங்கும். மிருதங்கக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். அந்த நேரம் பார்த்துத்தான் சபையில் கதிரைகள் கிறீச்சிடும். ஒருவருக்கு ஃபோன் வரும், இன்னொருவருக்குத் தேத்தண்ணி ஞாபகம் வரும். போன வருஷம் வெள்ளவத்தையில ஒரு நாள் அறுபது வரைக்கும் எண்ணிப்போட்டு விட்டிட்டம்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவள் எங்களுக்குள் மிருதங்கம் படித்தவள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் தரம் தரமாக ஏறினவள். பாடசாலை விழா ஒன்றில் அவளுக்கு ஏழு நிமிடத் தனி கிடைத்தது. அந்த ஏழு நிமிடத்துக்குள் அவளுடைய சொந்த மாமாவே ரோல்ஸ் வாங்கப் போய்விட்டார். உயர்தரப் பரீட்சையோடு மிருதங்கம் உறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. கேட்டால் "நேரமில்லை" என்பாள். மாமாவின் ரோல்ஸ் கதையை மட்டும் நூறு தரம் சொல்லியிருப்பாள்.

இரண்டாமவன் கொட்டாஞ்சேனைக்காரன். கோயில் திருநாள் சுற்றுப்பிரகாரங்களில் பாண்ட் வாத்தியத்தோடு ஸ்னெயர் அடிக்கிறவன். பைலா எந்த இடத்தில் போனாலும் கை தன்பாட்டில் மேசையில் விழும். மூன்றாவது ஆளுக்கு ஒரு வாத்தியமும் தெரியாது. ஆகவே எழுதுற வேலை அந்த ஆளின் தலையில். மூன்று பேரும் கலைப்பீடம். மூன்று பேரும் ஒரே குறூப் அசைன்மென்டில் மாட்டிக்கொண்டதால் சிநேகிதர்கள்.

2024 டிசம்பர் 16, திங்கட்கிழமை. காலையில் ஃபோனைத் திறந்தால் எல்லா இடமும் ஜாகிர் ஹுசைன். சான் பிரான்சிஸ்கோவில் காலமாகிவிட்டார், வயது 73. அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து 155இல் ஏறி அவனும் வந்து சேர, வெள்ளவத்தையில் மிருதங்கக்காரியின் வீட்டில் கூடினம். அசைன்மென்ட் செய்யத்தான் கூடினம். ஆனால் அவள் மடிக்கணினியில் ஒரு கச்சேரியைப் போட்டுவிட்டு, "இதைக் கேட்டுட்டுச் செய்வம்" என்றாள். நாங்கள் யாரும் பிறக்காத காலத்தில், நாங்கள் யாரும் போகாத ஊரில் நடந்த கச்சேரி அது.

1975 ஜூலை 5. நியூயோர்க் மாநிலம், லோங் ஐலன்டில் உள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. மேடையில் 'சக்தி' என்ற ஜாஸ் குழு, மொத்தம் ஐந்து பேர். கிட்டாரில் ஜோன் மெக்லாஃப்லின். மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். பிறகு மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்று மின்கிட்டாரை அலற வைத்துவிட்டு, வீணை படிக்கப் போய், மரக் கிட்டாரோடு திரும்பி வந்தவர். வயலினில் எல். சங்கர். தபேலாவில் ஜாகிர் ஹுசைன். கடத்தில் விக்கு விநாயக்ராம். மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். அந்தப் பதிவு அடுத்த வருஷம் இசைத்தட்டாக வந்தது. மூன்றே மூன்று உருப்படிகள். முதலாவது 18 நிமிடம், கடைசி 29 நிமிடம்.

"ஐஞ்சு பேரில மூண்டு பேர் அடிக்கிறவை" என்றான் கொட்டாஞ்சேனைக்காரன். அதுவரைக்கும் அவனுக்கு ஜாஸ் என்றால் பெரிய ஹோட்டல் லொபியில் யாரும் கேட்காமல் ஓடுற சத்தம். முதல் உருப்படியில் கிட்டாரும் வயலினும் ஒன்றாகப் பாய, கீழே மூன்று தோல், மண் சத்தங்களும் கூடவே பாய, அவன் கையில் இருந்த பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டான்.

எங்களுக்கு முதலில் விளங்கினது இடம் பற்றிய விசயம். கச்சேரி மேடையில் யார் எங்கே இருப்பது என்று ஒரு ஒழுங்கு இருக்கு. பாடகர் நடுவில். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம். அவை பக்கவாத்தியம். கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் உப பக்கவாத்தியம், அதாவது பக்கத்துக்கும் பக்கம். கடக்காரர் பெரும்பாலும் பின்னுக்கு இருப்பார். படம் எடுத்தால் வயலின்காரரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். விநாயக்ராம் அந்த ஒழுங்குக்குள் வளர்ந்தவர். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் அவர்தான். ஒன்பது வருஷம் கழித்து அதே மனிதர், அதே மண்பானை. ஆனால் சவுத்ஹாம்ப்டனில் 'பக்கம்' என்று சொல்ல அங்கே ஒரு பாட்டே இல்லை. கிட்டார் பேசி முடித்தால் கடம் பேசும், வயலின் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கல்லூரி மாணவர்கள் தாளக்காரருக்கும் கிட்டார்காரருக்கும் ஒரே மாதிரித்தான் கத்துகினம்.

நடுவில் கொட்டாஞ்சேனைக்காரன் பதிவை நிறுத்தச் சொன்னான். "இது ட்ரம்ஸ்காரர் செய்யிறதுதானே?" ஜாஸில் ஒரு பழக்கம் இருக்கு. சக்சபோன்காரர் நாலு 'பார்' வாசித்தால் அடுத்த நாலு 'பார்' ட்ரம்ஸுக்கு, பிறகு திரும்ப நாலு, திரும்ப நாலு. மாறி மாறிக் கொடுத்து வாங்குறது. மிருதங்கக்காரி சிரித்தாள். "எங்களிட்டயும் இருக்கு. குறைப்பு." தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒரு கணக்கை வாசிக்க, கடம் அதற்குப் பதில் சொல்லும். பிறகு அந்தக் கணக்குப் பாதியாகும், பாதியில் பாதியாகும். கடைசியில் இரண்டு பேரும் ஒருவர் சொல்லை ஒருவர் பறிக்கிற மாதிரி நெருங்கி, மோராவில் சேர்ந்து, கோர்வையில் முடிப்பினம். அதை அவள் கொன்னக்கோலாகச் சொல்லிக் காட்ட, அவன் இரண்டு பேனையால் அசைன்மென்ட் ஃபைலில் பதில் அடித்தான். முதல் மூன்று தரமும் சமத்தில் வந்து விழவில்லை. நாலாம் தரம் விழுந்தது.

இவ்வளவுக்கும் அவளுடைய அம்மம்மா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவ. கனநேரம் கழித்து, "பிள்ளை, உதில பாட்டு எப்ப தொடங்கும்?" என்றா. பாட்டு இல்லை, இதுதான் கச்சேரி என்று சொன்னம். "அப்ப முழுக்கத் தனியோ?" என்று கேட்டுவிட்டு, அந்த வயலின் பெடியன் யார் என்று விசாரித்தா.

அங்கேதான் எங்கட பின்னேரம் வேறு பக்கம் திரும்பினது. எல். சங்கர் சென்னையில் பிறந்தவர், ஆனால் வளர்ந்தது இலங்கையில். அவருடைய அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்த பேராசிரியர். அண்ணன் எல். சுப்பிரமணியத்தின் வயலினும் அந்த வீட்டிலேயே தொடங்கினது. 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. அப்போது சங்கருக்கு எட்டு வயது.

அம்மம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கேல்லை. பிறகு, "58இல எனக்குப் பன்னிரண்டு. நாங்கள் இங்கயிருந்து கப்பலில யாழ்ப்பாணம் போனம். அவை அங்கயிருந்தும் போயிட்டினமோ" என்றா. அவ்வளவுதான். அடுப்பில் பால் வைத்ததாகச் சொல்லி எழும்பிப் போனா. பால் ஒன்றும் வைத்திருக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த 1958ஐ நாங்கள் கொஞ்சம் கிண்டிப் பார்த்தம். டேவ் புரூபெக் என்ற ஜாஸ் பியானோக்காரர் தன்னுடைய நால்வர் குழுவோடு அமெரிக்க அரசாங்கத்தின் செலவில் நாடு நாடாகச் சுற்றி, இலங்கைக்கும் வந்து போன வருஷம் அது. சென்னையில் அந்தக் குழு பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தது. ஐந்து அட்சரத்தில் ஓடுற 'டேக் ஃபைவ்' அடங்கிய இசைத்தட்டு அடுத்த வருஷம் வந்தது. அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் அந்தப் பயணத்தில் கூட வந்த ஜோ மொரெல்லோ. ஐந்து எங்களுக்குக் கண்ட நடை, அவர்களுக்கு அது புதினம். இப்படி ஒரே வருஷத்தில் ஒரு ஜாஸ் குழு இந்தத் தீவுக்கு வந்து போகுது. அதே வருஷம், பின்னாளில் ஜாஸ் வாசிக்கப்போற ஒரு எட்டு வயதுப் பெடியன் இந்தத் தீவை விட்டுப் போறான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கு என்று நாங்கள் சொல்ல வரேல்லை. வரலாற்றுப் பாடத்தில் 58ஐ ஒரு பந்தியில் படித்துக் கடந்தவர்கள் நாங்கள். அதற்குள் ஒரு வயலின் பெட்டியும் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிஞ்சது.

'சக்தி'யைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும் நாங்கள் தயாரில்லை. இசைத்தட்டின் அட்டையில் குழுவின் பெயரோடு இருக்கிற ஒரே ஆளின் பெயர் ஜோன் மெக்லாஃப்லின். சமமாக இருந்து வாசித்தவர்கள் விற்பனை என்று வந்ததும் சமமில்லை. முதல் தட்டுக்குப் பிறகு ராகவன் குழுவில் இல்லை. மிருதங்கமும் அவரோடு போய்விட்டது. அடுத்த இரண்டு தட்டுகளும் நாலு பேரோடுதான். இதைக் கண்டுபிடித்தவள் எங்கட மிருதங்கக்காரிதான். "பாத்தியளோ, அங்கயும் எங்கட ஆள்தான் முதல் வெளியில" என்று சிரித்தாள். சிரிப்பு அவ்வளவு நல்லாயில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கு. சவுத்ஹாம்ப்டனில் அந்தக் கச்சேரி நடந்த அதே 1975இல்தான் யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தி காலமானார். தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்த கை. அவரைப் பற்றி அம்ஷன் குமார் 2015இல் ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். தவிலுக்கு இப்படி ஒரு மேடை கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியேல்லை. இன்றைக்கும் ஆடிவேல் வெள்ளவத்தைப் பக்கம் வரும்போது தவிலை நாங்கள் கேட்கிறது வாகன நெரிசலுக்கு நடுவில். கலியாண வீட்டில் கேட்கிறது "கெட்டிமேளம்" என்று யாரோ விரலை ஆட்டும்போது மட்டும். பறைக்கு அந்த இடமும் இல்லை. மேடையில் யார் பின்னுக்கு இருப்பது என்பதை வாத்தியம் மட்டும் தீர்மானிக்கிறதில்லை. அதை அடிக்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வாறார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. அமெரிக்கக் கல்லூரி மேடையில் அந்த ஒழுங்கு ஒரு இரவு குழம்பினதைக் கண்டு சந்தோசப்படுற நாங்கள், எங்கட மண்டபத்தில் அது குழம்பினால் சந்தோசப்படுவமோ? மூன்று பேரும் இதில் ஒரே பதில் சொல்லேல்லை. சண்டை பிடித்தம். பிறகு வடை வந்தது.

'சக்தி'யின் முதல் சுற்று மூன்று தட்டோடு முடிந்துபோனது. பல வருஷம் கழித்து வேறு ஆட்களோடு திரும்ப வந்தது. 2024 பெப்ரவரியில் அந்தக் குழுவுக்கு கிராமி விருது கிடைத்தபோது கஞ்சிரா வாசித்தவர் செல்வகணேஷ், விநாயக்ராமின் மகன். விருது கிடைத்துப் பத்தே மாதத்தில் ஜாகிர் இல்லை. சவுத்ஹாம்ப்டனில் வாசிக்கும்போது ஜாகிருக்கு வயது 24, சங்கருக்கு 25. எங்களை விட இரண்டு மூன்று வயதுதான் கூட. அந்த வயதில் அவர்கள் பெரியவர்கள் போட்ட மேடை ஒழுங்கைக் கலைத்துப் பார்த்திருக்கினம். நாங்கள் எழும்பிப் போறவர்களை எண்ணிக்கொண்டிருந்தம்.

அன்றைக்கு அசைன்மென்ட் முடியேல்லை. கிறிஸ்மஸ் லீவுக்குள் மிருதங்கம் கட்டிலுக்குக் கீழிருந்து வெளியில் வந்தது. வார் தளர்ந்து, தோல் காய்ந்து, தட்டினால் பழைய சூட்கேஸ் மாதிரிச் சத்தம். மூட்டு அடிக்கக் கொடுத்து எடுக்க மூன்று கிழமை போனது. தொப்பிப் பக்கத்துக்கு ரவை குழைக்கிற பதம் மறந்துபோச்சு என்று முதல் நாள் அவள் அழாக்குறை. இப்போது ஞாயிறு பின்னேரங்களில் மொட்டைமாடியில் ஒரு மிருதங்கம், ஒரு ஸ்னெயர். ஸ்னெயரின் சத்தத்தில் மிருதங்கம் கேட்காது. அதனால் அவன் குச்சியை விட்டுவிட்டு விரலால் அடிக்கப் பழகுறான். ஒருவர் கேட்கும் அளவுக்கு மற்றவர் குறைக்கிறதுதான் இவ்வளவுக்கும் கஷ்டமான பாடம் என்று இரண்டு பேருமே சொல்லுகினம். பக்கத்து வீட்டு அங்கிள் இரண்டு தரம் வந்து ஏசினார். மூன்றாம் தரம் எத்தனை மணிக்கு முடிப்பியள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எங்கட பக்கத்து மண்டபத்தில் ஒரு அரங்கேற்றம் இருக்கு. இந்த முறை எண்ணுறதில்லை என்று முடிவெடுத்திருக்கிறம். தனி தொடங்கினதும் பின் வரிசையிலிருந்து எழும்பி, வெளியில போறவர்களுக்கு வழிவிட்டு, காலியான முன் கதிரைகளில் போய் இருக்கப்போறம். மிருதங்கக்காரரின் கை நல்லாத் தெரியும். அம்மம்மாவும் வாறதாகச் சொல்லியிருக்கிறா. நீங்கள் வந்தாலும் கதிரை இருக்கும்.