ஒலியும் சொல்லும்

1933-இல் சீர்காழி கோவிந்தராஜன் பிறந்த ஊர் இது. அவரது வெண்கலக் குரலைக் கூம்பு ஒலிபெருக்கி வழியே வயல் கடந்தும் கேட்டுப் பழகியவை இவ்வூர்ச் செவிகள். ஆகவே, ஆலயத்திற்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கச் சென்றபோது பெரியதையே நாடினோம். கடையில் அது கணீரென்றுதான் ஒலித்தது.

முதல் ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, சத்தம் கேக்குது, நீங்க சொல்றதுதான் விளங்கல" என்றார். அவரது முதுமையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்தோம். மனம் உறுத்தவே, மாலையில் கடைசி இருக்கையில் நாமே அமர்ந்து, உபதேசியாரை வாசகம் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். மூதாட்டி சொன்னதே மெய். உயர்ந்த கூரையிலும் வெறுஞ்சுவரிலும் மோதித் திரும்பும் ஒலி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடுகிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. அந்தத் தமிழை நாம் மீண்டும் இலத்தீனாக்கிக் கொண்டிருந்தோம்!

பெரியவற்றை விற்றுவிட்டு, சிறு ஒலிபெருக்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒடுங்கிய நெடும்பெட்டிகளை வாங்கினோம். அவை ஒலியைக் கூரைக்கு அதிகம் அனுப்பாமல் பக்கவாட்டில் பரப்புபவை. தூண்களில், தலைக்குச் சற்று மேலே மாட்டி, ஒலியையும் குறைத்தோம்.

மூதாட்டி இப்போது மறையுரையின் நீளத்தைப் பற்றிக் குறை சொல்கிறார்.