ஆயாவின் பித்தளைக் குண்டான்

பாயசம் வைப்பதைவிட எளிய வேலை உலகத்தில் இல்லையென்று, சென்ற ஆகஸ்டு 15ஆம் நாள் காலை பத்து மணி வரை நாங்கள் நம்பியிருந்தோம். நாங்கள் என்றால், பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் நால்வர். அன்று சுதந்திர தினம்; எங்கள் நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் பெருவிழாவும் அன்றே. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாயசம் கொடுப்பதென்று தீர்மானித்து, எங்களுள் ஒருத்தியின் ஆயாவிடம் பெரிய பித்தளைக் குண்டானை இரவல் கேட்டோம்.

அது ஆயாவின் திருமணத்துக்கு அவர்களுடைய தாயார் கொடுத்த சீர். குண்டானின் கழுத்தில் தாயாரின் பெயர் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். அந்த அம்மாளின் புகைப்படம்கூட வீட்டில் கிடையாது. அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம்.

“பேசிக்கிட்டே விட்டுடாதீங்கடி, கிளறிக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு ஆயா பூசைக்குப் போனார்கள்.

ஜவ்வரிசி வெந்தது, சேமியா வெந்தது, பாலும் ஊற்றியாயிற்று. பிறகு பேசினோம். அப்படி என்னதான் பேசினோம் என்று இப்போது எங்களில் ஒருத்திக்கும் நினைவில்லை! கருகல் வாசனை எதிர்வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர்கள் குரல் கொடுத்த பிறகே எங்கள் மூக்குக்கு எட்டியது. மேலாக இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால், அடியில் கன்னங்கரேலென்று ஒரு விரற்கடை கரி.

ஆயா திரும்புவதற்குள் துலக்கிவிட வேண்டுமே! ஒருத்தி கம்பி நாரை எடுத்தாள், ஒருத்தி கத்தியை எடுத்தாள். அரைமணி நேரம் சுரண்டினோம். கரி போயிற்று. கூடவே உட்புறத்து வெள்ளைப் பூச்சும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, மஞ்சள் பித்தளை பல்லிளித்தது.

ஆயா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பெயர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வெந்நீர் ஊத்தி ராத்திரி பூரா ஊற வச்சிருந்தா தேங்கா நாருக்கே வந்திருக்குமேடி. கரிக்கு அவசரமில்ல, உங்களுக்குத்தான் அவசரம்” என்றார்கள்.

அந்த வெள்ளைப் பூச்சுதான் ஈயம், அதாவது வெள்ளீயம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளிப்புப் பட்டால் களிம்பு ஏறி உணவு நஞ்சாகும். அதைத் தடுக்கவே உள்ளே ஈயம் பூசுகிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகவே ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது. முழுக்க ஈயத்தாலேயே செய்த ரசச் சொம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரசத்தை ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சொம்பே ஒழுகிவிடும்.

அன்று மாலை ஆயா எங்களை உட்காரவைத்து மற்றப் பாத்திரங்களைப் பற்றியும் சொன்னார்கள். எவர்சில்வர் அடிப்பிடித்தால், தண்ணீரில் சமையல் சோடா போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும், கரி நெகிழ்ந்துவிடும். அலுமினியத்துக்குச் சோடா ஆகாது, அரித்துவிடும். புளித்தண்ணீரோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். (அலுமினியத்தை ஆயா “நேத்து வந்த சாமான்” என்பார்கள். சென்னைக் கலைப் பள்ளியில் சாட்டர்டன் என்பவர் 1898இலேயே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கிவிட்டார் என்று நாங்கள் சொன்னதற்கு, “அது நேத்துதானே?” என்றார்கள்.) இரும்புத் தோசைக்கல்லை மட்டும் ஊறவே போடக் கூடாது, துருப்பிடிக்கும். உப்பைத் தூவித் துணியால் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி வைக்க வேண்டும். எந்தப் பாத்திரமானாலும் சுரண்டுவது பகை. கீறல் விழுந்த இடத்திலேயே அடுத்த முறையும் பிடித்துக்கொள்ளும்.

இனி, குண்டானுக்கு ஈயம் பூச வேண்டுமே! ஆயாவின் இளவயதில் ஈயம் பூசுகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டே வருவார்களாம். நாங்கள் பெரிய மார்க்கெட் பாத்திரக் கடைகளில் கடை கடையாக விசாரித்து, நான்காவது வாரத்தில் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். எங்கள் உண்டியல்களை உடைத்துத்தான் கூலி கொடுத்தோம். காரீயம் கலவாத சுத்த வெள்ளீயம்தானா என்று ஆயா சொல்லியனுப்பியபடி கேட்டோம். காரீயம் உடம்புக்கு நஞ்சு. பெரியவர் கோபிக்கவில்லை, “கேக்கணும் பாப்பா” என்றார்.

கரி நெருப்பில் குண்டானைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நன்றாகச் சூடேறியதும் நவச்சாரப் பொடியைத் தூவ, வெண்புகை எழுந்து எங்கள் கண்ணைக் கரித்தது. ஈயக் குச்சியை உள்ளே தொட்டதும் அது உருகி ஓடியது. பஞ்சால் ஒரே வீச்சாகத் துடைத்தார். நாங்கள் கெடுத்த இடம் எதுவென்று தெரியாமல் உட்புறம் வெள்ளியாய் மின்னியது.

ஆனால் வெளிப்புறமோ நெருப்பில் கறுத்துவிட்டது. கழுத்தைப் பார்த்தோம்; பெயரைக் காணவில்லை. எங்களுக்கு உயிரே போய்விட்டது.

வீடு வந்து சேரும்வரை ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆயா குண்டானைப் பார்த்துவிட்டுப் புளியை ஊறவைக்கச் சொன்னார்கள். செங்கல் தூள் கூடாது, நார் கூடாது, விரல் மட்டும். நால்வரும் சுற்றி உட்கார்ந்து தேய்த்தோம். நேரம் ஆக ஆக, ஒவ்வொரு புள்ளியாக எழுத்துகள் வெளியே வந்தன. ஆயா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அதே குண்டானில் பாயசம் வைத்தோம். இம்முறை ஆயா அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.