செயலிக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம்

புதுத் தொழில் யோசனையோடு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஆப் ரெடியாக எத்தனை மாசம் ஆகும்?" என்பதைத்தான். பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: "உங்க யோசனையில எந்த ஒரு விஷயம் தப்பாப் போனா மொத்தமும் படுத்துடும்?" பெரும்பாலானவர்களுக்கு உடனே பதில் வராது. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையில் பாதி. அதை மட்டும் சோதிக்கப் போதுமான மிகச் சிறிய பொருளைச் செய்து, காசு கொடுத்து வாங்குகிறவர் கையில் சேர்ப்பது மீதிப் பாதி. தொழில் உலகம் எம்.வி.பி. என்று அழைப்பது இதைத்தான். 2001-ல் ஃபிராங்க் ராபின்சன் வைத்த பெயர். எரிக் ரீஸின் 'தி லீன் ஸ்டார்ட்அப்' 2011-ல் வந்த பிறகு ஊரெல்லாம் பரவியது.

ரீஸ் அந்தப் புத்தகத்தில் தான் பட்டதையே எழுதியிருக்கிறார். 2004-ல் தொடங்கிய ஐ.எம்.வி.யு. நிறுவனத்துக்காக, அன்று புழக்கத்தில் இருந்த மெசஞ்சர்கள் எல்லாவற்றோடும் இணைந்து ஓடும் முப்பரிமாண அரட்டை மென்பொருளை ஆறு மாதம் உழைத்து எழுதினார். வந்து பார்த்தவர்களோ தங்கள் நண்பரை அதற்குள் அழைக்கவே மறுத்துவிட்டார்கள். நன்றாக இருக்குமா என்று தங்களுக்கே தெரியாத ஒன்றுக்கு நண்பரை இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எழுதிய நிரலில் பெரும்பகுதி குப்பைக்குப் போயிற்று. பதிவிறக்கப் பொத்தான் வைத்த ஒரு பக்கமே இதைச் சொல்லியிருக்குமே என்ற அவருடைய கேள்வி, இந்தத் தொழிலில் இருக்கும் யாரையும் தைக்கும்.

திருப்பூரில் நான் கூட இருந்து பார்த்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த ஓர் இளைஞர் வந்தார். ஷிப்மென்ட் நெருங்கும்போது கம்பெனிகளுக்குத் தைக்க ஆள் போதாது. அதே வாரம் நாலு தெரு தள்ளி ஒரு ஜாப்வொர்க் யூனிட்டில் ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷின்கள் சும்மா நிற்கும். இரண்டையும் செயலி மூலம் சேர்த்துவைக்கலாம் என்பது அவர் யோசனை. திரைகளை எல்லாம் அழகாக வரைந்து கொண்டுவந்திருந்தார்.

அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, எது பொய்த்தால் எல்லாம் போகும் என்று இருவரும் பேசினோம். தொழில்நுட்பத்தில் சிக்கல் இல்லை. கட்டிங் முடிந்த துணியை, முன்பின் பார்த்திராத யூனிட்டுக்கு ஒரு கம்பெனி அனுப்புமா? "என்கிட்ட வேலை இல்லை" என்று ஒரு யூனிட்காரர் வெளியாளிடம் ஒத்துக்கொள்வாரா? இந்த இரண்டுக்கும் விடை எந்தத் திரையிலும் கிடைக்காது.

ஆகவே செயலி செய்ய வேண்டியதை எல்லாம் அவரே செய்தார். காலையில் டூவீலரில் யூனிட் யூனிட்டாகப் போய், எந்த மிஷின் எத்தனை நாள் காலியாக இருக்கும் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டால் நோட்டைப் புரட்டிப் பதில் அனுப்புவார். தைத்து வரும் பீஸுக்கு இத்தனை பைசா என்று கமிஷன். அந்தக் கமிஷனை முதல் வேலையிலிருந்தே வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நம் ஊரில் பெரியவர்கள் இளைஞர்களின் மனம் நோகப் பேசமாட்டார்கள். "நல்லா இருக்குது தம்பி, பண்ணுங்க" என்பார்கள். அந்த வாழ்த்தில் அன்பு உண்டு, வியாபாரத்துக்கான சாட்சி கிடையாது. பணப்பையைத் திறக்கும்போதுதான் மனதில் இருப்பது வெளியே வரும்.

வந்தது. ஒரு கம்பெனிக்காரர் சொன்னார்: "மிஷின் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா தம்பி? கொடுத்த மால் சொன்ன நாளைக்கு வருமான்னுதான் எனக்குத் தெரியோணும்." யூனிட் பக்கம் வேறு கவலை. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஆர்டர் கிடைப்பதைவிட, சனிக்கிழமை மதியத்துக்குள் கைக்குப் பணம் வருமா என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம். வரைந்து வைத்திருந்த திரைகளில் இந்த இரண்டில் ஒன்றுக்குக்கூட இடம் இருக்கவில்லை.

அதன் பிறகு அவர் வேலையின் போக்கு மாறியது. மிஷின் தேடுவது குறைந்து, யூனிட்டில் உட்கார்ந்து பார்ப்பது கூடியது. முதல் சில பீஸ் தைத்ததும் ஒன்றை உள்பக்கம் திருப்பி, கழுத்துத் தையலின் மேல் இஞ்ச் டேப்பை வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணத் தெரிகிறபடி படம் எடுத்து அனுப்புவார். மாலையில் எத்தனை பீஸ் முடிந்தது என்று இன்னொரு செய்தி. கரண்ட் போய் வேலை பிந்தினால், கம்பெனிக்காரர் கேட்பதற்கு முன் இவரே போன் போட்டுச் சொல்லிவிடுவார். அவர்கள் காசு கொடுத்தது அந்தப் போனுக்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அளவைக் குறைக்கலாம், வசதிகளைக் குறைக்கலாம், தானாக ஓட வேண்டியதைக் கையால் ஓட்டலாம். வாங்குகிறவருக்குக் கொடுத்த வாக்கில் மட்டும் கை வைக்கக் கூடாது. பெங்களூரில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் 2005-ல் ஐடி ஃப்ரெஷ் என்ற தோசை மாவு வியாபாரத்தைத் தொடங்கியது 50 சதுர அடி இடத்தில். கொடுத்தது 20 கடைகளுக்கு. எல்லாம் சிறியது, ஆனால் மாவு மட்டும் முழு மாவு. தோசை சரியாக வராத மாவை 'முதல் பதிப்பு' என்று விற்றிருந்தால் அவர்கள் எதையும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. வாங்கியவர் திரும்ப வராததற்கு யோசனை காரணமா, மாவு காரணமா என்று எப்படிப் பிரித்தறிவது?

1999-ல் நிக் ஸ்வின்மர்ன் செய்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். இணையத்தில் செருப்பு வாங்குவார்களா என்று அறிய அவர் கிடங்கு கட்டவில்லை. பக்கத்துக் கடையில் இருந்த ஷூக்களைப் படம் பிடித்து வலைத்தளத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். பின்னால் ஸாப்போஸ் என்ற இணையக் கடையாக வளர்ந்தது அந்தத் தளம்தான். இப்படி வாங்கி அனுப்பியதில் அவருக்கு லாபம் இல்லை. ஆனால் வாங்கியவருக்குச் சரியான ஷூ போய்ச் சேர்ந்தது.

சோதனை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவைப்பது என் வழக்கம்: என்ன நடந்தால் தொடர்வது, எது நடக்காவிட்டால் விடுவது. திருப்பூர் வேலைக்கு எழுதியது ஒரே வரி. ஒருமுறை வேலை கொடுத்த கம்பெனி, நாம் கூப்பிடாமலேயே மறுபடி கூப்பிட வேண்டும். முன்கூட்டி எழுதாவிட்டால், வந்த முடிவை நமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்வோம். ஆசைப்பட்டுத் தொடங்கிய எவருக்கும் அது இயல்பு. இப்போது ஏ.ஐ. கருவிகள் ஓர் இரவில் செயலி எழுதித் தருகின்றன. எனக்கும் அது பேருதவி. ஆனால் செய்வது எளிதாக ஆக ஆக, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே செய்து முடித்துவிடும் அபாயமும் கூடுகிறது.

கம்பெனிகள் மறுபடி கூப்பிட்டன. அதன் பிறகுதான் நிரல் எழுத உட்கார்ந்தோம். எழுதியது இரண்டே திரை: தையல் படத்தோடு அன்றன்று முடிந்த பீஸ் கணக்கைக் கம்பெனிக்குக் காட்டுவது ஒன்று, சனிக்கிழமைக்கு யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்று யூனிட்டுக்குக் காட்டுவது இன்னொன்று. யூனிட் தேடித் தருவதை அவர் இன்னும் போனில்தான் செய்கிறார். அதற்கும் திரை வேண்டும் என்று கம்பெனிக்காரர்களே கேட்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறோம்.