பவளத்தைத் தின்றது யார்? சிங்கப்பூர் மாமா வீட்டில் ஒரு நள்ளிரவுத் துப்பறிதல்!

மீன் தொட்டி தெரியும். பவளத் தொட்டி பார்த்திருக்கிறீர்களா? சிங்கப்பூரில் என் மாமா வீட்டு ஹாலில் இருப்பது அதுதான். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, உள்ளே உப்புநீர், மேலே நீல விளக்கு, பாறைகளின் மேல் உயிருள்ள பவளங்கள். மீன்கள் நான்கே நான்கு. "இவ்ளோ பெரிய தொட்டியில நாலு மீன்தானா மாமா?" என்றேன். "மீனெல்லாம் இங்க வாடகைக்கு இருக்கும்மா. வீட்டுக்காரங்க பவளம்தான்" என்றார்.

நம் ஊரிலும் ஒன்று வைக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பாறை கட்டும் பவளங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இடம்பிடித்திருப்பவை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வந்தாலும் குற்றம்தான். சிங்கப்பூரில், முறையான அனுமதியோடு இறக்குமதியாகும் துண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன.

தொட்டிக்குச் சொந்தக்காரன் மாமாவின் மகன். இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். வாரம் முழுக்க முகாம், வெள்ளி இரவுதான் வீடு. அதுவரை தொட்டி மாமாவின் பொறுப்பு. நான் விடுமுறைக்குப் போய் இறங்கிய வாரம் பார்த்து, அதிலிருந்த மான்டிபோரா என்ற பச்சைப் பவளம் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. பள்ளியில் படிக்கும்போது கைக்காசு சேர்த்து, கட்டைவிரல் அளவில் அவன் வாங்கிய துண்டு அது. இன்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருக்கிறது. "அவன் வர்றப்போ இது செத்துக் கிடந்தா நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?" என்று மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருடைய சந்தேகம் ஒரு புழுவின் மேல். விளக்கை அணைத்தால் பாறை இடுக்கிலிருந்து பூரான் மாதிரி ஒன்று நீளும். உடம்பின் இருபுறமும் வெள்ளை முட்கள். மூலையில் உள்ள ஒரு பாறைதான் அதன் குடியிருப்பு. அந்தப் பாறையையே எடுத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்ல, மாமா பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியேவிட்டார்.

அந்தப் பாறையில் புழு மட்டுமா இருந்தது? சட்டைப் பொத்தான்களை ஒட்டி வைத்ததுபோல ஜோவாந்திட் பவளங்களும் இருந்தன. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பாறையைக் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு சேர்ந்து காற்றில் கலந்து மூச்சுக்குள் போய்விடும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், வீட்டுத் தொட்டியின் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்தது. காப்பாற்ற வந்த தீயணைப்பு வீரர்களுக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. அந்தச் செய்தி எனக்கு நினைவிருந்தது. அத்தைக்கோ ஆஸ்துமா. வீவக வீட்டின் சமையலறையும் ஹாலும் பத்தடி தூரத்தில். "மாமா, முதல்ல அடுப்பை அணைங்க" என்றேன். அணைத்தார். செய்தியைப் படித்துக் காட்டியதும் பாத்திரத்தைக் கவிழ்த்தே வைத்துவிட்டார்.

எங்கள் டெஸ்க்கில் ஒரு வீடியோ வந்தால், அது எங்கே எப்போது எடுத்தது என்று பார்க்காமல் பதிவேற்ற விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவியது. இரவு பதினொரு மணிக்கு ஹால் விளக்குகளை அணைத்தோம். டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, தொட்டிக்கு முன் உட்கார்ந்தோம். வெள்ளை வெளிச்சம் பட்டால் பல உயிர்கள் ஒளிந்துகொள்ளும். சிவப்பு வெளிச்சத்தை அவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

புழு வந்தது. பாறையடியில் கிடந்த மீன் தீவனத்தைத் தின்றது. திரும்பிப் போனது. மான்டிபோரா பக்கமே தலைகாட்டவில்லை. இந்த முள்புழுக்களில் பெரும்பாலானவை மிச்சம் மீதியைத் தின்னும் துப்புரவுப் பணியாளர்கள். வெறும் கையால் தொட்டால் முள் குத்தும் என்பதைத் தவிர வேறு வம்பு கிடையாது. பார்க்க அழகில்லை என்பதற்காக இத்தனை நாள் பழி சுமந்திருக்கிறது, பாவம்!

குற்றவாளி பவளத் தட்டின் அடிப்பக்கத்தில் இருந்தது. அரை அரிசி அளவில் வெள்ளையாக, முதுகெல்லாம் குட்டிக் குட்டி விரல்களோடு. நுடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தை. இந்த வகைக்கு மான்டிபோராதான் சோறு. அது மேய்ந்த இடத்தில் வெறும் வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சும். வெளுத்த விளிம்பை ஒட்டி ரவை சிதறியதுபோல முட்டைகள் வேறு. ஜோவாந்திட்டைத் தின்னும் இன்னொரு வகை, தான் தின்ற பவளத்தின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொண்டு அதன் நடுவிலேயே உட்கார்ந்திருக்குமாம். அதற்கு இது பரவாயில்லை.

மறுநாள் காலை கையுறை, கண்ணாடி சகிதம் வேலையை ஆரம்பித்தோம். தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, பவளங்களுக்கென விற்கும் அயோடின் மருந்தை பாட்டிலில் போட்டிருந்த அளவுப்படி கலந்து, பவளத்தைச் சில நிமிடங்கள் மூழ்கவைத்தோம். ரப்பர் குமிழ் வைத்த பிளாஸ்டிக் குழாயால் அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சினார் மாமா. வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தன. எண்ணினோம். பதினேழு! அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஊற்றக் கூடாது. பவளத்தை வேறு சுத்தமான கடல்நீரில் அலசித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து முட்டைகளைக் கொல்லாது. அத்தையின் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகள் வளர்ந்து அடுத்த முட்டை இடுவதற்குள் பிடித்தாக வேண்டும். அதனால் வாரம் ஒருமுறை, விடாமல் பல வாரங்கள் இதைச் செய்ய வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு 'போயிடுச்சு' என்று நம்புகிறவர்களின் தொட்டியில்தான் அது மறுபடி கிளம்பும்.

மூலைப் பாறையிலும் ஒரு நிஜ வில்லன் இருந்தான். ஐப்டேசியா. பழுப்பு நிறத்தில் கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு கடல் அனிமோன். பக்கத்துப் பவளங்களைக் கொட்டியே அழித்துவிடும். அதைச் சுரண்டவோ வெட்டவோ கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கிலிருந்து புதிதாக முளைக்கும். ராமநாதபுரம் கடலோரத்தில் வளர்க்கக் கொண்டுவந்த காப்பாஃபைகஸ் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்ததைப் படித்திருப்பீர்கள். அதைக் கையால் பிடுங்கியபோதும் இதே தொல்லைதான்.

ஐப்டேசியாவுக்கு மருந்து, கால்சியம் ஹைட்ராக்சைடு. சுத்தமான தூளைக் கொஞ்சம் நீரில் குழைத்து, மோட்டார்களை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் வைக்க வேண்டும். அது உள்ளிழுத்துச் சுருங்கிச் செத்துவிடும். ஒரே நாளில் நிறைய வைத்தால் நீரின் காரத்தன்மை ஏறி மற்றவை பாதிக்கும் என்பதால் தினமும் இரண்டு மூன்று மட்டும். நான் விளக்கி முடித்ததும் அத்தை, "ஏன்டி, இது நம்ம வெத்தலைச் சுண்ணாம்புதானே?" என்றார். பொருள் அதுதான். ஆனால் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கும் என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். தொட்டிக்கென விற்பதையே வாங்கினோம்.

வெள்ளி இரவு, முதுகுப்பையைக்கூட இறக்காமல் பையன் தொட்டி முன்னால் நின்றான். வெளுத்த ஓரத்தைப் பார்த்தான். மாமா மூச்சுவிடாமல் நின்றார். "அடியில பார்த்தீங்களாப்பா?" என்றான். மாமா பேசவில்லை. பதினேழையும் போட்டு வைத்திருந்த ஜாடியை நீட்டினார்.

நான் சென்னை திரும்பிவிட்டேன். எண்ணிக்கை மட்டும் வாரா வாரம் வாட்ஸ்அப்பில் வருகிறது. இரண்டாவது வாரம் ஆறு. மூன்றாவது வாரம் இரண்டு. நான்காவது, ஐந்தாவது வாரங்களில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு வாரம் தொடரப்போகிறாராம் மாமா. மருந்து பாட்டில் தீர்ந்துவிட்டதாம், சனிக்கிழமை பையனே வாங்கி வருகிறானாம்.