யஷப் கல் பேசும் கூடம்

மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்தில், 2018ஆம் ஆண்டு அது திறக்கப்பட்ட நாள் முதல், ஆந்திரம், தெலங்கானா செல்லும் வண்டிகள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வாழ் நம் குடும்பத்தாருக்கு ஹைதராபாத் பயணம் வாசற்படியிலிருந்தே தொடங்குகிறது எனலாம். மாலையில் ஏறினால் நெல்லூர், ஓங்கோல் கடந்து மறுநாள் காலை இறங்கலாம். சார்மினாரையும் மக்கா மஸ்ஜிதையும் கண்டபின், மூசி ஆற்றின் தென்கரையிலுள்ள சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்கு அவசியம் செல்லுங்கள். அங்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

நிஜாமின் திவானாக 1912 முதல் 1914 வரை விளங்கிய மூன்றாம் சாலார்ஜங், மீர் யூசுஃப் அலீ கான், தேடித் தேடிச் சேர்த்த செல்வம் இது. அவர் 1949இல் மறைந்தபின், 1951இல் பண்டித நேரு இதனைத் திறந்து வைத்தார். இசைக் கடிகாரத்தின் முன் கூடும் கூட்டத்தோடு நின்றுவிடாமல், யஷப் கற்களுக்கென்றே அமைந்த கூடத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள்.

யஷப் என்று உருதுவில் வழங்கும் இக்கல்லே ஜேடு. மரகதம் என எண்ணிவிட வேண்டாம். அது வேறு, இது வேறு. முகலாயர்களுக்கு இது மத்திய ஆசியாவின் கோத்தானிலிருந்து வந்தது. உளியால் செதுக்க இயலாத உறுதி. கடினமான கல்தூளை நீரில் குழைத்துத் தேய்த்துத் தேய்த்தே உருவம் எடுக்க வேண்டும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்த பாத்திரங்களைக் காணும்போது, பெயர் தெரியாத அந்தக் கைவினைஞர்களின் பொறுமையை எண்ணி வியக்கிறோம்.

மன்னர்கள் வியந்ததோ வேறொன்றை! நஞ்சு பட்டால் இக்கல் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினர். ஜஹாங்கீரின் குறுவாளும், நூர்ஜஹானின் பழம் நறுக்கும் கத்தியும் இக்கூடத்தில் உள்ளன. வில்லின் நாணை இழுக்கக் கட்டைவிரலில் அணியும் வளையம் ஒன்றில், 'ஸாஹிபே கிரானே ஸானீ' என்னும் ஷாஜஹானின் பட்டம் பொறிக்கப்பட்டுள்ளது. கோள்களின் நற்சேர்க்கைக்குரிய இரண்டாம் தலைவர் என்பது பொருள்; முதல்வர் தைமூர். அந்தச் சக்கரவர்த்திதான் 1658 முதல் 1666இல் இறக்கும்வரை, பெற்ற மகனின் கைதியாக ஆக்ரா கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். கோளும் உதவவில்லை, கல்லும் உதவவில்லை.

கடன் வாங்கி ராசிக்கல் மோதிரம் வாங்கும் இல்லங்கள் நம்மிடையேயும் உண்டல்லவா? அழகுக்காகக் கல் அணிவது வேறு. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டபோதும், அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல்லே என்று அறிவித்துவிட்டே முத்தமிட்டார்கள் ஹஜ்ரத் உமர் (ரலி).

இக்கூடத்தில் நீங்கள் நெடுநேரம் நிற்க வேண்டியது, திருக்குர்ஆனை வைத்து ஓதும் ரெஹல் ஒன்றின் முன். நம் வீடுகளில் மரத்தால் ஆனது. இங்கே யஷப் கல்லால். ஷம்சுத்தீன் அல்தமஷின் பெயர் தாங்கிய இதற்கு 1209-10 என ஆண்டு குறிக்கின்றனர். அவர் தில்லி அரியணை ஏறியதோ 1211இல். வரலாறு படிக்கும் பிள்ளைகள் உடன் வந்தால் இந்த இடைவெளியைப் பற்றி உங்களைத் துளைத்தெடுப்பார்கள்!